கண்ணாடிக்குள் போன சஹன்

அந்தப் பொம்மை தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

தலையில் ஜரிகை முக்காடு. ஜவுளிக்கடைப் பொம்மைக்கே உள்ள கூர் மூக்கு, சிவப்பு உதடு. அதன் முன்னால் எங்கள் மாமியாருடைய செம்புச் சஹன். சஹனில் பிளாஸ்டிக் சோறு, சோற்றுக்கு மேலே பிளாஸ்டிக் கறி, அதற்கும் மேலே ஒரு முட்டை.

நாலு பேர் சாப்பிடுகிற தட்டு. அவள் ஒருத்தி.

தஞ்சாவூரில் புதிதாகத் திறந்த அருங்காட்சியகத்தில், டெல்டா முஸ்லிம்களின் கலைக்கும் வாழ்க்கைக்கும் என்று ஒதுக்கிய கூடம் அது. திறப்பு விழாவுக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். கூட்டம் விளக்கையும் கண்ணாடியையும் பார்த்து ஆகா என்றது. நான் பொம்மையைப் பார்த்து, ‘ஏன்டி, உனக்கு யாருமே இல்லையா?’ என்று மனசுக்குள் கேட்டேன்.

வாய்விட்டுக் கேட்கிற ஆள் நான் இல்லை. கடைக்காரர் மீதிச் சில்லறை கொடுக்க மறந்தால், ரெண்டு தெரு தாண்டி வந்த பிறகுதான் எனக்குக் கேட்கிற தைரியம் வரும்.

வாய்விட்டுச் சொன்னவள் என் பக்கத்தில் நின்றாள். “நாலு ஆளு சோறு. ஒத்தையா உக்காந்து முழுங்குறா பாரு. கூப்பிட ஒரு நாதி இல்லாதவ!”

அவள் என் நாத்தனார் ஜெய்னம்பு. என் வீட்டுக்காரரின் தங்கை. அண்ணன் மனைவி என்று என்னை ‘மச்சி’ என்று கூப்பிட்டவள். அதை அவள் என்னிடம் சொல்லவில்லை, பொம்மையிடம் சொன்னாள். என்னோடு அவள் பேசிப் பல வருஷம் ஆகியிருந்தது. நானும் அவளோடு பேசவில்லை.

அதற்குக் காரணம் பொம்மையின் முன்னால், விளக்கு வெளிச்சத்தில் பளபளவென்று இருந்தது.

ஒரே தட்டு

இந்தத் தொடரைப் படிக்கிற எல்லோருக்கும் சஹன் தெரிந்திருக்காது. போன வாரம் நான் சைக்கிள் பழகி வாய்க்காலில் விழுந்த கதையைப் படித்துவிட்டு, ஒரு வாசகி வாய்க்காலுக்கு ஆழம் எவ்வளவு என்று கேட்டிருக்கிறார். என் முட்டி வரைக்கும். அதுபோல இதையும் கேட்பார்கள். முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

சஹன் என்பது அகலமான பெரிய தட்டு. எங்கள் முத்துப்பேட்டைப் பக்கம் கல்யாணம் காட்சி என்றால் துணி விரித்து, நடுவில் சஹனை வைத்து, மூன்று பேரோ நாலு பேரோ சுற்றி உட்காருவோம். நெய்ச்சோறு குவியலாக இருக்கும். கறி நடுவில். அவரவர் முன்னால் இருப்பதை அவரவர் சாப்பிட வேண்டும். அடுத்தவர் பக்கம் கை நீளக் கூடாது. முதலில் முடித்தவர் எழுந்துவிடக் கூடாது. நிதானமாகத் தின்கிற ஒருத்தி மாட்டினால் உட்கார்ந்து அவள் மென்று முடிக்கிறதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கை நீளக் கூடாது என்றேன். ஒரே ஒரு காரணத்துக்கு நீளலாம். நல்ல கறித் துண்டாகப் பார்த்து அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுவதற்கு.

எங்கள் மாமியார் இதை வைத்து ஒரு நீதிமன்றமே நடத்தினார். குடும்பத்தில் யாரும் சண்டை போட்டுக்கொண்டால், அடுத்த விசேஷத்தில் அவர்களைத் தேடிப் பிடித்து ஒரே சஹனில் உட்கார வைப்பார். மன்னிப்புக் கேட்க வேண்டாம், சமாதானம் பேச வேண்டாம். ஒருத்தர் கறியைத் தள்ளினால், மற்றவர் அதைத் தின்றால், வழக்கு முடிந்தது. தள்ளாமல் முறைத்துக்கொண்டிருந்தால், “ரெண்டு பேருக்கும் பாயசம் கிடையாது” என்று தீர்ப்பு சொல்வார்.

பாயசத்துக்காக முடிந்த சண்டைகள் எங்கள் குடும்பத்தில் நிறைய.

மாமியார் கொடுத்த வாக்கு

மாமியார் போன பிறகு சொத்தைப் பிரித்தார்கள். தென்னந்தோப்பு சத்தமில்லாமல் பிரிந்தது. வீட்டை நடுவில் சுவர் வைத்து ரெண்டாக்கியதில்கூட ஒரு முணுமுணுப்பு இல்லை. தகராறு அந்தச் சஹனில்தான் வந்து நின்றது.

“இது உனக்குத்தான்” என்று மாமியார் என்னிடம் சொல்லியிருந்தார். அடுப்படியில் வைத்து, யாருக்கும் தெரியாமல் சொன்னார். ஜெய்னம்புவிடமும் சொல்லியிருக்கிறார். அவளிடம் கொல்லையில் வைத்து, யாருக்கும் தெரியாமல். மீன் கொண்டுவருகிற அம்மாவிடம்கூடச் சொல்லியிருப்பாரோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. கேட்கிறவர் மனசு குளிர ஒரு வார்த்தை சொல்வதில் அவருக்கு அப்படி ஒரு பிரியம்.

நான் சொன்னால் ஜெய்னம்பு நம்பவில்லை. அவள் சொன்னால் நான் நம்பவில்லை. சஹன் அவள் வீட்டுப் பரண்மேல் ஏறிற்று. பேச்சு நின்றது.

சுவருக்கு அந்தப் பக்கம் அவள். இந்தப் பக்கம் நான். அவள் வெங்கணை மீன் பொரித்தால் என் வீட்டில் மணக்கும். அவள் தும்மினால் நான் மனசுக்குள் துவா சொல்லிவிட்டு, சே என்று நாக்கைக் கடித்துக்கொள்வேன்.

முக்கியமான செய்திகளைப் பூனையிடம் சொல்லுவோம். எங்கள் ரெண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு சாம்பல் பூனை இருந்தது. “பூனையே, முருங்கைக்கொப்பு சுவருக்கு மேல வந்திருச்சு, வெட்டச் சொல்லு” என்பாள் அவள். “பூனையே, கொல்லைத் தண்ணியை இந்தப் பக்கம் விட வேணாம்னு சொல்லு” என்பேன் நான். பூனையிடம் மட்டும் எனக்குக் கூச்சம் கிடையாது.

அப்புறம் அருங்காட்சியகத்துக்காரர்கள் ஊர் ஊராகப் பழைய சாமான் கேட்டு வந்தார்கள். ஜெய்னம்பு பரணில் ஏறினாள். ஜீப் கிளம்பின பிறகு சுவர் ஓரமாய் வந்து நின்று, “பூனையே, இனி அது உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல” என்றாள்.

அன்றைக்குப் பூனையோடும் நான் பேசவில்லை.

பின் சீட்டு

இத்தனையும் இப்படியே ஓடியிருக்கும். ஆனால் ஜெய்னம்பு பினாங்குக்குப் போகிறாள் என்று என் மகன் பஷீர் வந்து சொன்னான். அவள் மகன் அங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறான். அம்மாவை ஒரேயடியாகக் கூப்பிட்டுக்கொள்கிறானாம். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பஷீரிடம் கொடுத்துவிடுவாளாம்.

“திரும்பி வருவாளாமா?” என்றேன்.

“இந்த வயசுல போறவங்க எங்கம்மா திரும்பி வர்றது?” என்றான்.

போவதற்குள் பேசிவிட வேண்டும். யார் முதலில் பேசுவது? நான் சிரித்த முகமாக இருக்கிற ஆளிடமே முதல் வார்த்தை பேசக் கூசுகிறவள். கோபமாக இருக்கிறவளிடம் எப்படிப் பேசுவேன்?

அந்த நேரத்தில் வந்ததுதான் திறப்பு விழா அழைப்பு. பஷீர் ஒரே காரில் ரெண்டு பேரையும் ஏற்றினான். பின் சீட்டில் நடுவில் ஆரஞ்சுப் பழப் பை. அதற்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். பட்டுக்கோட்டை வந்தது, போயிற்று. ஒரத்தநாடு தாண்டி நடவு வயல்கள் வந்தன.

“பஷீரு, ஏசியைக் குறைக்கச் சொல்லு” என்றாள் ஜெய்னம்பு.

“யாருட்ட சொல்லச் சொல்றீங்க மாமி? நான்தானே ஓட்டுறேன்?”

“அவங்களுக்குக் குளிரலேன்னா பரவால்ல. எனக்கு எலும்பு நடுங்குது.”

எனக்கும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. சொல்லவில்லை.

ஒட்டகம்

அந்தக் கூடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

உள்ளே நுழைந்ததும் சுவர் முழுக்க மணல் கலர். மணல்மேல் ஒட்டகம் வரிசையாகப் போகிறது. ஒரு ஓரத்தில் ஈச்ச மரம். எங்கள் ஊரில் எங்கே திரும்பினாலும் தண்ணீரும் சேறும் வாத்தும்தான். ஒட்டகத்தை நான் சர்க்கஸில் பார்த்திருக்கிறேன். அது என்மேல் துப்பப் பார்த்தது.

“இந்த ஒட்டகத்தை நாத்துப் பறிக்க எறக்குனா எப்படி இருக்கும்?” என்று ஜெய்னம்பு ஈச்ச மரத்தைப் பார்த்துக் கேட்டாள். எனக்குச் சிரிப்பு முட்டியது. முக்காட்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன்.

அடுத்த சுவரில் ஒரு கட்டம் போட்ட கைலியைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள், ராஜாவின் அங்கி மாதிரி. என் வீட்டுக்காரர் இருந்து பார்த்திருந்தால், இடுப்பைத் தடவிப் பார்த்திருப்பார். வெற்றிலைப் பெட்டிக்கு நகைப் பெட்டி என்று எழுதியிருந்தது. சுண்ணாம்பு டப்பியை எதற்கென்று தெரியாமலோ என்னவோ, ‘சிறு கொள்கலன்’ என்று சுருக்கமாக முடித்துவிட்டார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

பன்னீர்ச் செம்பு அழகாக இருந்தது. அதையும் சொல்ல வேண்டும். வீட்டில் புழங்கும்போது ஒரு நாளும் நான் அதை அவ்வளவு நேரம் நின்று பார்த்ததில்லை.

எங்கள் சஹனுக்கு வருவோம். விளிம்பில் உள்ள பூவேலை சொர்க்கத் தோட்டத்தைக் குறிக்கிறது என்று எழுதியிருந்தார்கள். இருக்கலாம். கும்பகோணத்தில் செய்தவர் பெருமாள் கோயில் தாம்பாளத்துக்கும் அதே பூதான் போடுவார் என்று மாமியார் சொல்லுவார். சொர்க்கம் எல்லோருக்கும் பொதுவாக இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒரு பக்கம் விளிம்பு நெளிந்திருக்கும். அந்த நெளிவுக்கென்றே தனியாக ஒரு விளக்கு. கீழே, ‘காலத்தின் தழும்பு’ என்று ஒரு வரி. ஒரு ஐப்பசி மழையில், கல்யாண வீட்டிலிருந்து என் வீட்டுக்காரர் அதைக் குடையாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடிவந்து, நிலைப்படியில் மோதினார். தட்டு நெளிந்தது, அவர் நெற்றி வீங்கியது. காலத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

தொடாதீங்கம்மா

பொம்மையை ஜெய்னம்பு திட்டிக்கொண்டிருந்தபோது, கண்ணாடி போட்ட ஒரு பொண்ணு ஓடிவந்தாள். பெயர் வித்யா. அந்தக் கூடத்தை அமைத்ததே அவள்தானாம். வெளுத்து வாங்கப் போகிறாள் என்று நான் தூணுக்குப் பின்னால் போனேன்.

அவள் சிரித்தாள். “தெரியும்மா. சஹன்ல தனியா சாப்பிட மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். மூணு பொம்மை கேட்டேன். காலை மடக்கி உக்கார்ற பொம்மை ஒண்ணுதான் கிடைச்சுது. மத்ததெல்லாம் நிக்கிற பொம்மை. சுத்தி ரெண்டு பேர் நின்னுக்கிட்டு சாப்பிட்டா பஃபே மாதிரி ஆயிடும்ல?”

கண்ணாடிக் கதவு சுத்தம் செய்வதற்காகத் திறந்திருந்தது. ஜெய்னம்பு கையை நீட்டிச் சஹனின் நெளிவைத் தொடப் போனாள்.

“தொடாதீங்கம்மா! கை எண்ணெய் படக் கூடாது” என்று வித்யா பதறினாள். அவள் கையில் வெள்ளை உறை.

புளியும் சாம்பலும் போட்டு அந்தத் தட்டை எத்தனை தடவை நான் தேய்த்திருப்பேன். ஈயம் பூசுகிறவர் பின்னாலேயே அலைந்தவள் ஜெய்னம்பு. ரெண்டு பேரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே நேரத்தில் எங்கள் கைகளைப் பார்த்தோம். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தோம். சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

வித்யாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. “அம்மா, நீங்க ரெண்டு பேரும் ஒரே வீடுதானே? ஒரு சஹன்ல உக்காந்து சாப்பிடுங்களேன். படம் எடுத்து இந்தப் பொம்மை பக்கத்துல ஓட விடுறேன். பொம்மைக்கும் துணையாச்சு.”

நான் பஷீரைப் பார்த்தேன். அவன் காதைச் சொறிந்துகொண்டு, “பிரியாணி வாங்கிட்டு வர்றேன்” என்று நழுவிவிட்டான்.

வடைத் தாம்பாளம்

எங்கள் சஹனில் சாப்பிடக் கூடாதாம். அதில் பிளாஸ்டிக் கறிக்கு மட்டும்தான் அனுமதி. கேன்டீனில் வடை அடுக்கி வைக்கிற எவர்சில்வர் தாம்பாளத்தைக் கழுவிக் கொண்டுவந்தார்கள். கேன்டீனுக்குப் பின்னால் தாழ்வாரத்தில் துணி விரித்து, பஷீர் வாங்கிவந்த பிரியாணியைக் கொட்டினார்கள். அந்தப் பக்கம் சட்னிக்கு மிக்சி கர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

உட்கார்ந்தோம். நடுவில் ஆரஞ்சுப் பை இல்லை.

இறைவன் பெயரால் என்று பிஸ்மி சொல்லிக் கை வைத்தோம். கேமராக்காரத் தம்பி குனிந்து குனிந்து பார்த்தான். என் பக்கத்துச் சோற்றை நான் தின்றேன். அவள் பக்கத்துச் சோற்றை அவள் தின்றாள். மாமியார் இருந்திருந்தால் பாயசத்தை உள்ளே எடுத்து வைத்திருப்பார்.

நடுவில் ஒரு நல்லி எலும்பு கிடந்தது. உள்ளே ஊன் நிறைந்த எலும்பு. ஜெய்னம்புவுக்கு அது என்றால் உயிர். கல்யாணப் பொண்ணாக உட்கார்ந்திருந்தபோதே, மாப்பிள்ளை வீட்டார் முன்னால் தட்டித் தட்டி உறிஞ்சினவள் அவள்.

இதை விட்டால் இனி பினாங்குதான். எலும்பைப் பிடித்து, சோற்றில் ஒரு தடம் விழ, அவள் பக்கம் தள்ளினேன்.

அவள் எலும்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“மச்சி, உங்களுக்குக் கண்ணு போயிருச்சா? எனக்குப் பல்லு போயி எவ்வளவு நாளாச்சு. நல்லியத் தள்ளுறீங்க!”

வாயைத் திறந்து காட்டினாள். கீழ் வரிசை மொத்தமும் காலி.

ஒரே சுவர். அவள் தும்முவது கேட்கும். அவள் பொரிக்கிற மீன் என்ன மீன் என்று சொல்லுவேன். பல் போனது எனக்குத் தெரியவில்லை.

எலும்பை எடுத்து, வடைத் தாம்பாளத்தின் ஓரத்தில் நங்கு நங்கென்று தட்டினேன். ஊன் வழுக்கிக்கொண்டு அவள் சோற்றில் விழுந்தது. அவள் பிசைந்து வாயில் போட்டுக்கொண்டாள். தின்றுவிட்டாள்.

“உப்புக் கம்மி” என்றாள்.

“கட்!” என்றான் கேமராக்காரத் தம்பி. “பெரியம்மா, உங்க முக்காடு மறைச்சிருச்சு. எலும்பை இன்னொரு தடவை தள்ளுங்க. நீங்க சிரிச்ச முகமா ஏதாவது பேசிக்கிட்டே இருங்கம்மா, உதடு அசைஞ்சாதான் நல்லா இருக்கும்.”

நான் காலி எலும்பைத் தள்ளினேன். ஜெய்னம்பு சிரித்த முகமாகப் பேச ஆரம்பித்தாள்.

முருங்கைக்கொப்பில் ஆரம்பித்தாள். கொல்லைத் தண்ணீருக்கு வந்தாள். அவள் காய்ச்சலில் கிடந்தபோது நான் பூனையை மட்டும் அனுப்பிவைத்ததைச் சொன்னாள். பரணிலிருந்து சஹனை இறக்கும்போது ஒரு வார்த்தை நான் கேட்டிருந்தால் கொடுத்திருக்கவே மாட்டாளாம். “வாயில கொழுக்கட்டையா இருந்துச்சு? கேட்டா என்ன, குறைஞ்சா போவீங்க?” என்றாள். அத்தனையும் பல்லில்லாத வாய் நிறையச் சிரித்துக்கொண்டே. மிக்சி ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியில் என் பக்கம் குனிந்து, “நாளைக்கு வந்து என் பெட்டி ஜிப்பை மூடிக் குடுங்க, எனக்கு ஏற மாட்டேங்குது” என்றாள்.

திரும்பி வரும்போது ஆரஞ்சுப் பையை முன் சீட்டில் வைத்தோம். பட்டுக்கோட்டை எப்போது வந்ததென்று ரெண்டு பேருக்கும் தெரியவில்லை. பஷீருக்குத் தலைவலி வந்துவிட்டது.

நன்றி சொல்லும் காட்சி

படம் இப்போது பொம்மைக்குப் பக்கத்தில் ஓடுகிறது. மிக்சிச் சத்தத்தால் எங்கள் குரலை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில் ஒரு தந்தி வாத்தியம் போட்டிருக்கிறார்கள், மணலில் யாரோ தனியாக நடந்து போகிற மாதிரி. ஒட்டகத்துக்குப் பொருத்தம்தான்.

கீழே எழுதியிருக்கிறது: ‘உணவின்போது மூதாட்டிகள் இறைவனுக்கு நன்றி கூறிப் பிரார்த்திக்கும் காட்சி’.

பிஸ்மி சொல்ல ஒரு மூச்சுப் போதும். இது பாதி சினிமா நீளம்.

“சரியா இருக்காம்மா?” என்று வித்யா ஆசையாகக் கேட்டாள். எனக்கு வழக்கம்போல வாய் வரவில்லை. “சரிதாம்மா” என்றேன். யோசித்துப் பார்த்தால் ரொம்பத் தப்பு என்றும் சொல்ல முடியாது.

ஜெய்னம்பு பினாங்கிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் போன் பண்ணுகிறாள். அங்கே பல் கட்டிக்கொண்டாள். “மச்சி, மருந்து சாப்டீங்களா? வெயில்ல அலையாதீங்க” என்கிறாள். ஒரே மரியாதை. ஒரு திட்டு இல்லை. தூரம் போனால் மனுஷர்கள் இப்படிக் கெட்டுப்போய்விடுகிறார்கள்.

அதனால் கண் ஆஸ்பத்திரிக்கென்று தஞ்சாவூர் வரும்போதெல்லாம் டிக்கெட் எடுத்து உள்ளே போய்விடுகிறேன்.

போன தடவை ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். “சத்தம் போடாம பாருங்க, பெரியவங்க துவா செய்யுறாங்க” என்றார் டீச்சர். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டார்கள். நானும் பின்னால் நின்று பார்த்தேன். உதட்டை வைத்தே எனக்கு எல்லாம் தெரியும். இது முருங்கை. இது கொல்லைத் தண்ணீர். இது பூனை. இந்த இடத்தில் கொழுக்கட்டை.

அவள் என் பக்கம் குனிந்தாள். ஜிப்பு.

“வர்றேன்டி! அதுக்கு ஏன் இந்தக் கத்து கத்துறே?” என்றேன்.

மனசுக்குள் சொன்னதாகத்தான் நினைத்தேன். பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். காவலாளி விரைந்து வந்து, உதட்டில் விரலை வைத்தார்.

“அம்மா, பிரார்த்தனை நடக்குதுல்ல? கொஞ்சம் அமைதியா இருங்க.”

நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அமைதியாக நின்றேன். படம் மறுபடி முதலிலிருந்து ஓடியது. நான் எலும்பைத் தள்ளினேன். அவள் ஆரம்பித்தாள்.